தொழுவத்தை இடிக்க வேண்டாம்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். நேரமே இல்லை என்று சொல்கிற என் அண்ணன் மகன்கள் இருவரும் கட்டாயம் படிக்க வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக இதே பேச்சுதான். கோவில்பட்டிப் பக்கம் ஊரில், அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுத்தொழுவம் நிற்கிறது. 20 அடி நீளம், 10 அடி அகலம். தெற்கே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், வடக்கே திறப்பு, கல்தூண்கள், மேலே பனங்கை போட்டு மங்களூர் ஓடு. மாட்டை விற்று ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே விறகும் ஓர் உடைந்த சைக்கிளும் கிடக்கின்றன. மதினியின் 14 கோழிகள் ராத்திரி அதில்தான் அடைகின்றன. போன இரண்டு மாதத்தில் ஐந்து கோழிகளும் ஒரு ஈடு குஞ்சுகளும் போய்விட்டன. மரநாய் என்று மதினி சொல்கிறார்கள். நானும் கால் தடத்தைப் பார்த்தேன், மரநாய்தான்.

உடனே தீர்மானம் வந்துவிட்டது. ஜேசிபி வைத்துத் தொழுவத்தை இடிப்பது. அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, பொங்கலுக்கு வரும்போது கார் நிறுத்துவது. கோழிகளுக்கு ரெடிமேட் கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைப்பது. கூண்டின் படமும் விலையும் குழுவில் வந்தன. 22,000 ரூபாய். பதினெட்டுக் கட்டைவிரல்கள் விழுந்தன. மதினி கட்டைவிரல் போடவில்லை. அவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லை.

குடும்ப விஷயத்தை ஏன் முகநூலில் போடுகிறீர்கள் சித்தப்பா என்று கேட்பீர்கள். என் பழைய மாணவர்களில் மூன்று பேர் இந்த ஒரு வருஷத்தில் இதே வேலையைச் செய்து, படம் எடுத்து, என்னையும் டேக் செய்திருக்கிறார்கள். ஒருவர் "மாடர்ன் கோழிப்பண்ணை சார்" என்று எழுதியிருந்தார். பாராட்டை எதிர்பார்த்திருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா கட்டியது, மூன்று தலைமுறை மாடு கட்டியது என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. பழையது என்பதற்காக ஒரு கட்டடத்தைக் காப்பாற்றச் சொன்னால், நம் வீட்டுப் பழைய கழிப்பறையையும் காப்பாற்றச் சொல்ல வேண்டியிருக்கும். தொழுவத்தை வைத்துக்கொள்ளச் சொல்வது, கோழிக்கு அதைவிட நல்ல இடத்தை 22,000 ரூபாய்க்கு உங்களால் வாங்க முடியாது என்பதால்.

கோழிக்கு ராத்திரியில் வேண்டியது நாலே நாலு. காய்ந்த தரை, காற்று, உயரத்தில் உட்கார ஒரு கொம்பு, எதிரி நுழையாத அடைப்பு. இதில் முதல் மூன்று அந்தத் தொழுவத்தில் இப்போதே இருக்கின்றன. நாலாவது இல்லை. அது இல்லாததால்தான் மரநாய் வந்தது. ஒன்று குறைகிறது என்று மூன்றையும் சேர்த்து இடிப்பது எந்த ஊர்க் கணக்கு?

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சூடான காற்று மேலே போகும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, ஈரத்தை மூச்சில் வெளியேற்றித்தான் உடம்பைக் குளிர்விக்கும். எச்சத்திலும் முக்கால்வாசி தண்ணீர்தான். ஆகவே கோழி அடையும் இடத்தில் ராத்திரி முழுக்கச் சூடும் ஈரமும் சேர்ந்துகொண்டே இருக்கும். அது வெளியே போக மேலே வழி வேண்டும். ஓட்டுக்கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே அந்த வழி தானாகவே இருக்கிறது. தகரத்தில் இல்லை. சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குத் தகரத்தின் கீழே ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

தொழுவம் கிழக்கு மேற்காக நீண்டிருப்பதையும் யாரும் கவனிக்கவில்லை. நம் ஊரில் கோழிக்கொட்டகையை அப்படித்தான் போட வேண்டும் என்று கால்நடைத் துறைக்காரர்கள் சொல்வார்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் அடிக்கும். மாட்டுக்காக வைத்த அமைப்பு கோழிக்கும் சரியாக இருக்கிறது. (கோழிக்கு வாஸ்து கேட்ட ஒருவரும் குழுவில் இருக்கிறார். அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.)

இப்போது கூண்டுக்கு வருவோம். விற்பவர் கொடுத்த அளவு 4 அடிக்கு 2 அடி, இரண்டு அடுக்கு. "24 கோழி வரை தாராளமாக வளர்க்கலாம்" என்று எழுதியிருக்கிறார். தாராளத்தைக் கணக்குப் போடுவோம். மொத்தம் 16 சதுர அடி, அதாவது 14,864 சதுர செ.மீ. 24ஆல் வகுத்தால் ஒரு கோழிக்கு 619. நீங்கள் ஆபீசில் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளின் பரப்பு 624. தாளை விடவும் குறைவு. நமக்கு 14 கோழிதானே என்பீர்கள். சரி, ஒரு கோழிக்கு 1,062. இரண்டு தாள்கூட வரவில்லை. ஒரு கோழி இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்து உதற வேண்டுமானால் இது போதாது.

இந்த அடுக்குக் கூண்டு யாருக்காகச் செய்தது? வருஷத்துக்கு 300 முட்டை போடும்படி இனம் பிரித்த வெள்ளை லேயர் கோழிக்காக. அது அடைக்கு உட்காராது. முட்டை உருண்டு வந்து முன்னால் நிற்கும், ஆள் பொறுக்கிக்கொண்டு போவார். நாமக்கல்லில் லட்சக்கணக்கில் வளர்ப்பவர்களுக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கையே உலகம் கேள்வி கேட்டாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் பழைய மாதிரிக் கம்பிக் கூண்டைத் தடை செய்துவிட்டது. அங்கே அதற்கு முன் சட்டம் கேட்ட குறைந்தபட்சம் ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் இந்தக் கோழிகள் படும் பாட்டை எழுதி, வரைவு விதிகளையும் சேர்த்துக் கொடுத்தது. பண்ணைக்காரர்களே பதில் சொல்லத் திணறுகிற ஒரு பொருளை, அவர்களுடைய லாபமும் இல்லாமல், வீட்டுக் கொல்லைக்கு வாங்கி வருகிறோம்.

மதினியின் கோழிகள் நாட்டுக்கோழிகள். வருஷத்துக்கு 60, 70 முட்டை. 12, 15 போட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு. மதினியின் வருமானம் அந்தக் குஞ்சில்தான் இருக்கிறது. சரிந்த கம்பித் தரையில் கோழி எங்கே அடை உட்காரும்? முட்டை உருண்டு வெளியே போய்விடும். கோழி வெறும் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும்.

தீனியையும் பாருங்கள். இப்போது அந்தக் கோழிகள் பகல் முழுக்கக் கொல்லையில் மேய்கின்றன. புழு, பூச்சி, கறையான், சிந்திய கம்பு, சோற்றுப் பருக்கை. மதினி சாயங்காலம் ஒரு படி தானியம் இறைப்பதோடு சரி. கூண்டில் அடைத்தால் முழுத் தீனியும் விலைக்கு வாங்க வேண்டும். ஒரு கோழிக்கு நாளைக்குச் சுமார் 100 கிராம் என்றால் 14 கோழிக்கு 1.4 கிலோ, மாதம் 42 கிலோ. அந்த மூட்டையை யார் தூக்கி வருவது? எழுபது வயதில் மதினியா? கூண்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் மாதாமாதம் தீனிக்கும் அனுப்புவார்களா என்று குழுவில் கேட்டேன். அதற்குக் கட்டைவிரல் ஒன்றும் வரவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வாதத்தில் நியாயமானதை எடுத்துக்கொள்கிறேன். பெரிய மருமகள் எழுதியது: "மாமா, பழைய சுவரிலும் மரத்திலும் கோழிச்செல், உண்ணி குடியிருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் போகாது." இவ்வளவு பேரில் யோசித்து எழுதியவர் இவர் ஒருவர்தான். அவர் சொல்வது உண்மை. கோழிச்செல் பகலில் மரச் சந்துகளில் ஒளிந்திருக்கும், ராத்திரி இறங்கி வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழி உண்ணி இன்னும் மோசம். ரத்தமே கிடைக்காமல் சுவர் விரிசலுக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். கடித்துக் காய்ச்சலையும் பரப்பும். சுவர் மோசமாக இருந்தால் கோழி மெலிந்து, கொண்டை வெளுத்து, ஒருநாள் காலையில் கொம்புக்குக் கீழே செத்துக் கிடக்கும்.

ஆனால் அதற்கு மருந்து விரிசலை அடைப்பது. நம் ஊர் கரிசல் மழையில் ஊதும், கோடையில் பிளக்கும், மேலே நிற்கும் சுவரும் கூடவே பிளக்கும். அந்த விரிசலில் சிமெண்டை அப்பினால் அடுத்த கோடையில் சிமெண்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் விழும், உண்ணிக்குப் புது வீடு. சுண்ணாம்புக் காரை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, கல் சந்துகளில் தீ விளக்கைக் காட்டி (பெயிண்ட் உரிப்பவர்கள் வைத்திருப்பார்களே, அது), பிறகு சுண்ணாம்புக் காரையால் அடைத்து, மேலே கெட்டியாக இரண்டு தடவை வெள்ளையடிக்க வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், மறுபடி வெள்ளையடிக்க வேண்டும். கோழி உட்காரும் கொம்புகளை ஆணி அடிக்காமல், எடுத்து மாட்டும்படி வைத்தால் மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு, முனைகளில் வேப்பெண்ணெய் தடவலாம். செல் பெரும்பாலும் அந்த முனைகளில்தான் இருக்கும். அவ்வளவுதான். இரும்புக் கூண்டில் செல் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெல்டிங் முடிச்சிலும் தட்டுக்கு அடியிலும் அது சுகமாகக் குடியிருக்கும்.

நாற்றம் என்று இன்னொரு புகார். ஆறு வருஷமாக யாரும் கூட்டாத இடம் நாறத்தான் செய்யும். கண் எரிகிற அந்த நெடி அம்மோனியா. எச்சம் ஈரமாகக் கிடந்தால் வரும், காய்ந்தால் வராது. தரையில் மூன்று அங்குலத்துக்கு உமியோ கடலைத்தோலோ பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டால் போதும். கோழியே பாதியைக் கிளறிவிடும். மாடிப்படிக்குக் கீழே, மூன்று பக்கம் சுவருக்குள் கூண்டை வைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பொங்கலுக்கு வந்து முகர்ந்து பார்க்கலாம். மேலே இருக்கிற அறைதான் உங்களுக்குப் படுக்க ஒதுக்கியிருக்கிறது.

நோய். கூண்டில் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் வராது என்று சின்னவன் எழுதியிருந்தான். எங்கே படித்தாய் தம்பி? 1920களில் இமயமலை ஓரத்து ராணிக்கெட்டில் கண்டதால் அந்த ஊர்ப் பெயரோடு வழங்குகிற நோய் அது. சந்தையில் வாங்கி வந்த ஒரு கோழியோடு வரும். செருப்போடு வரும், சாக்கோடு வரும், அடுத்த வீட்டுக் கூடையோடு வரும். கம்பிக்கு அதைத் தடுக்கத் தெரியாது. தடுப்பது மருந்துதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள், பிப்ரவரி வாக்கில் ஊருக்கே முகாமும் வரும். 14 கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் வர மதினிக்கு ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். அது 22,000 ஆகாது. புதிதாக வாங்கும் கோழியைப் பத்துப் பதினைந்து நாள் தனியே வைக்கவும் தொழுவத்தில் இடம் இருக்கிறது, கூண்டில் இல்லை.

குழுவில் இன்னொரு கட்சியும் உண்டு. அவர்களுக்கும் நான் ஆள் இல்லை. "ஒன்றையும் தொடாதீர்கள், அப்படியே விடுங்கள், அந்தக் காலத்தில் யார் வலை அடித்தார்கள், பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தோம், கோழி வளரவில்லையா" என்கிறார்கள். இவர்களில் ஒருவர்கூட இப்போது கோழி வளர்க்கவில்லை. அந்தக் காலத்தில் பத்துக் குஞ்சு பொரித்தால் பருந்துக்கு இரண்டு, கீரிக்கு இரண்டு, கழிச்சலுக்கு மூன்று என்று போய், மிஞ்சியதை நாம் சாப்பிட்டோம். போனதை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். பஞ்சாரம் நல்ல சாமான். தாயையும் குஞ்சையும் பகலில் கவிழ்த்து வைக்க அதற்கு ஈடு கிடையாது. ஆனால் வளர்ந்த 14 கோழிக்கு ராத்திரி அது வீடு ஆகாது. தொழுவத்துக்குச் சாணி மெழுகி, கோலம் போட்டு, உரலைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அதைக் கோழி அடைந்த பிறகு வெளிப்பக்கமாகச் செய்துகொள்ளலாம்.

என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். 20 அடியில் கிழக்குப் பக்கம் 10 அடி போதும். 10க்கு 10 நூறு சதுர அடி, 14 கோழிக்கு ஆளுக்கு ஏழு சதுர அடி, குஞ்சுகளுக்கும் இடம் இருக்கும். மேற்குப் பக்கம் 10 அடியில் விறகும் தீனியும் வைக்கலாம். வேண்டுமானால் பைக் நிறுத்தலாம், கார் நிற்காது.

வடக்குத் திறப்பில் இரண்டரை அடிக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் அரை அங்குல வெல்டு வலை. முயல் வலை, கோழி வலை என்று கடையில் கொடுக்கும் மெல்லிசு அறுகோண வலை வேண்டாம். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், நாய் உள்ளே வராமல் இருக்கப் போதாது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குச் சாரல் நேராக இந்தப் பக்கம்தான் அடிக்கும். அதற்குச் சுருட்டித் தூக்கும்படி ஒரு தார்ப்பாய், மேலே ஓர் அடி இடைவெளி விட்டு. முழுசாக மூடினால் மறுநாள் காலையில் நெடி சொல்லிக் கொடுக்கும். தெற்குச் சுவரில் கூரையை ஒட்டி இரண்டு கல்லை எடுத்துவிட்டு அங்கேயும் வலை.

யாரும் யோசிக்காத இடங்கள் இரண்டு. ஒன்று கூரை. மரநாய் சுவர் வழியாக வரவில்லை, ஓட்டைத் தள்ளிவிட்டு இறங்கியிருக்கிறது. ஆகவே கோழி அடையும் பாதிக்கு ஓட்டை இறக்கி, பனங்கைக்கு மேலே வலை விரித்து, அதன் மேல் ஓட்டை அடுக்க வேண்டும். இரண்டாவது, மாட்டு மூத்திரம் வடிய வைத்த ஓட்டை. தரை கல்பாவு, வாட்டம் பிசகாமல் போட்டிருக்கிறார்கள், கழுவிவிட அதைவிட வசதி இல்லை. ஆனால் அந்த ஓட்டை வழியாகக் கீரியும் வரும், பாம்பும் வரும். அதற்கு ஒரு கம்பித் தட்டு.

உள்ளே கொம்பு இரண்டு அங்குலக் கனத்தில், விளிம்பு மழுக்கி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். முட்டையிடும் பெட்டிகள் அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக வைத்தால் கோழி பெட்டிக்குள்ளேயே அடைந்து எச்சம் போட்டு வைக்கும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி என்றால் மூன்று பெட்டி, பழைய தக்காளிப் பெட்டியே போதும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும். கதவு மதினி குனியாமல் நுழையும் உயரத்தில். இதைக் கொத்தனாரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கோழிக்கொட்டகை என்றாலே நாலடிக் கதவு வைத்துவிடுகிறார்கள். கூட்டுகிறவர் இடுப்பை யாரும் நினைப்பதில்லை.

வலை, செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லாம் சேர்த்து எனக்கு வந்த கணக்கு 15,500. ஜேசிபி வாடகையும் தகரமும் நீங்கள் கூண்டு விலையோடு சேர்க்கவே இல்லை.

இடித்தால் அந்தப் பனங்கைகள் விறகாகப் போகும். உளி வைத்துப் பார்த்தேன், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் வைரம் பாய்ந்து கிடக்கின்றன. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நாளைக்கு இதே மாதிரி பனங்கை வேண்டும் என்றால் எங்கே போய் வாங்குவீர்கள்?

கடைசியாக, யார் முடிவெடுப்பது என்பது. மனை உங்கள் இருவர் பெயரில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோழி மதினியுடையது. அண்ணன் போன பிறகு அவர்கள் உங்களிடம் கைநீட்டாமல் வைத்தியம், கல்யாண மொய், பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிக் காசு என்று கொடுத்து வருவது அந்த முட்டையிலும் குஞ்சிலும் சேவலிலும்தான். சின்னவனே, போன தடவை நீ ஊருக்கு வந்து திரும்பும்போது உன் பிள்ளை கையில் திணித்த ஐந்நூறு ரூபாய் எந்தச் சேவல் விற்ற காசு என்று எனக்குத் தெரியும். கூண்டு வந்தால் அடை போகும், குஞ்சு போகும், தீனிச் செலவு வரும். ஒரு வருஷத்தில் "அம்மாவுக்கு முடியவில்லை, கோழியை விற்றுவிடலாம்" என்று இதே குழுவில் ஒருவர் எழுதுவார். அதற்கும் பதினெட்டுக் கட்டைவிரல் விழும்.

மதினியிடம் நேரில் கேட்டேன். "கூண்டெல்லாம் எதுக்கு கொழுந்தனாரே, மரநாய் வராம அடைச்சுக் குடுத்தாப் போதும்" என்றார்கள். அவர்கள் அனுமதியோடு கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜேசிபிக்காரரிடம் பேசியவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓடு இறக்குகிறோம். பக்கத்தில் இருக்கிற மாணவர்கள் இரண்டு பேர் வந்தால் மத்தியானத்துக்குள் முடியும், சாப்பாடு மதினி வீட்டில். உடைந்தது போக ஏறக்குறைய 40 மங்களூர் ஓடு குறையும் போலிருக்கிறது. யார் வீட்டிலாவது பழைய ஓடு சும்மா கிடந்தால் கீழே எழுதுங்கள், வண்டி நான் அனுப்புகிறேன். இடிக்கிற வீடாக இருந்தால் கதவும் வேண்டும், ஆறடிக்குக் குறையக் கூடாது.